முப்பத்து நான்கு பக்கம்

செர்ரி ரோட்டில் என் ஜெராக்ஸ் கடை.
ஆதார், கிரயப் பத்திரம், ஹால் டிக்கெட்,
இறப்புச் சான்றிதழ் என்றால் ஐந்து காப்பி.
எதையும் படிப்பதில்லை நான்.
படித்தால் கை நிற்கும்
கை நின்றால் வரிசை நிற்கும்.

அன்றைக்கு மின்சாரம் போய் வந்ததில்
பதினேழாம் பக்கம் உருளையில் சிக்கிக்கொண்டது.
கதவைத் திறந்து, சூடு ஆறவிட்டு,
ஓரம் பிடித்து உருவும்போது
ஒரு வரி கண்ணில் பட்டது:
தொண்ணூறு கோடி ஆண்டுகளுக்கு முன்
அரசன் தன் குடிகளின் உயிரை அடகு வைத்தான்.

"படிக்காதீங்கம்மா" என்று பதறினார்
கொண்டுவந்த செங்கோட்டுவேலு.
உருக்காலையில் கிரேன் ஓட்டி
விருப்ப ஓய்வு வாங்கியவர்.
"தயாராகாத ஆள் படிச்சா
காய்ச்சல் கண்டு செத்துருவாங்க."
கொஞ்சம் நிறுத்தி,
"அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நடுவே
ஓடு வேய்ந்த பழைய பங்களா. பெயர் மூல இல்லம்.
மலைப்பாதை போலவே
இருபது கொண்டை ஊசி வளைவு அவர்கள் பாடத்தில்.
முதல் வளைவு இலவசம், இஞ்சி டீயோடு.
இரண்டாவதில் அழச் சொல்வார்கள்,
அழுததைக் குறித்துக்கொள்வார்கள்.
பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு ரசீது.
மனிதன் எங்கிருந்து வந்தான் என்பது மட்டும்
இருபதாவதில், சாத்திய அறையில்.

மீதிப் பக்கங்கள் ஓடும்போது
முழுதும் படித்துவிட்டேன்.

ஏழு சூரியன் உள்ள தேசம். அரசனுக்குப் போர்க்கடன்.
உயிர்களைக் கண்ணாடிச் சிமிழில் அடைத்து
வட்டிக்காரனிடம் வைத்தான்; மீட்க வரவில்லை.
தவணை கடந்த சிமிழ்களைக் கொண்டுவந்து
சேர்வராயன் மலையில் கொட்டினான் வட்டிக்காரன்.
மண் சிவந்தது அதனால்தான்.
நம் துக்கம் நம்முடையதே அல்ல;
நம்மேல் ஒட்டிய பழைய உயிர்களின் வட்டி.

"எதுக்குங்க இதுக்குக் காப்பி?"
"சம்சாரத்துக்கு.
செவ்வாய்ப்பேட்டை வீட்டை வச்சேன்,
அவ கொலுசுப் பட்டறையையும் வச்சேன்.
காசெல்லாம் எங்க போச்சுன்னு கேக்கறா.
வாயால சொல்ல வரல."

நம்பினீர்களா என்று நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
"பதினோராவது வளைவிலயே தெரிஞ்சுதும்மா.
அந்த ரோட்டுல பஸ்ஸை எங்க திருப்பறது?"

அறுபத்தெட்டு ரூபாய். எழுபது கொடுத்தார்.
பத்தொன்பது லட்சம் கட்டிய மனிதர்
இரண்டு ரூபாய் சில்லறைக்காக
நான் டப்பாவைத் துழாவி முடிக்கும்வரை நின்றார்.

சாயங்காலம் டீக்கடையில் சொல்லிவிட்டேன்,
சொல்லியிருக்கக் கூடாது.
மாதையன் வடைச் சட்டியை விட்டுவிட்டுச் சிரித்தார்.
"அந்த மலையத்தான் பாக்சைட்டுன்னு வெட்டி
லாரி லாரியா மேட்டூருக்கு அனுப்பியாச்சே!
அப்ப அத்தனை உயிரும் அலுமினியமாகி
நம்மூட்டு இட்லிக் குண்டால்ல வேகுதா?"
பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.
யாரோ ரசீது எண் கேட்டார்கள்.
யாரோ வட்டி விகிதம் கேட்டார்கள்.
நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

இதே மாதையன் வைகாசியில்
சேர்வராயன் கோயிலுக்குப் போய் வந்து
அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது,
உள்ளே காது வைத்தால் தண்ணீர்ச் சத்தம் என்பார்.
நான் தலையாட்டியிருக்கிறேன்.
அங்கே கட்டணம் இல்லை, குனிந்தால் போதும்.
வித்தியாசம் அதுதானா, அது மட்டும்தானா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அடுத்த ஈடு வடை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால்
கசங்கிய பதினேழாம் பக்கம்,
மை பாதி ஒட்டி, பாதி வெளுத்து.
எப்போது உள்ளே வைத்தேன், தெரியவில்லை.
அரசன் அடகு வைத்தான் என்பது வரை தெளிவு,
அதற்கு மேல் கறுப்புத் தீற்றல்.

இரவு எனக்குக் காய்ச்சல் வரவில்லை.
இரண்டு முறை எழுந்து
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.